உங்களுக்குத் தெரியுமா? மலைக்கு அப்பால் ஒரு பாண்டிய அரசு

கம்பத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் கம்பம்மெட்டு. விடிந்ததுமே ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிய ஜீப்புகள் அங்குள்ள கேரள எல்லைச் சோதனைச் சாவடியைக் கடக்கின்றன. மதுரையை விட்டு வெளியேறிய பாண்டியர் கிளை ஒன்று, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக இன்று இந்த ஜீப்புகள் ஏறும் மலைத்தொடரைத் தாண்டிப்போய்ப் பூஞ்சாறு என்ற சிற்றரசை நிறுவியதாக மரபு வரலாறு சொல்கிறது. கோட்டயம் மாவட்டத்திலுள்ள பூஞ்சாற்றில் மீனாட்சிக்கு இன்றும் கோயில் இருக்கிறது! பாண்டியர் கதையை மதுரையோடு முடித்துக்கொள்பவர்கள் அவசியம் பார்க்கவேண்டிய ஊர் அது. மூணாறின் தேயிலைக் கதையும் இந்த அரசிலிருந்துதான் தொடங்குகிறது. 1877 ஜூலை 11 அன்று பூஞ்சாறு அரசர் கேரள வர்மா, மூணாறு அமைந்துள்ள கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்குக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்தார். பரப்பு சுமார் 227 சதுர மைல். ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய்.