வினிகரும் தேனும்: வீட்டில் செய்வோம், அளவறிந்து பயன்படுத்துவோம்



மழைக்காலம் தொடங்கினால் நம் மஹல்லா வீடுகளில் இருமலும் சளியும் தொடங்கிவிடும். கூடவே வாட்ஸ்அப்பில் கைவைத்தியக் குறிப்புகளும் வரத் தொடங்கும். அவற்றில் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்று உண்டு. எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, ஆப்பிள் சைடர் வினிகர் ஒவ்வொன்றிலும் ஒரு கப் எடுத்து, நான்கு கப் மூன்றாகச் சுண்டும்வரை காய்ச்சி, ஆறியபின் மூன்று கப் தேன் கலந்து தினமும் வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி குடித்தால் இதய அடைப்பு நீங்கிவிடும், பைபாஸ் தேவையில்லை என்பது அந்தக் குறிப்பு.

வினிகரும் தேனும் நல்ல பொருட்கள்தாம். அவற்றை வீட்டில் எப்படிச் சுத்தமாகச் செய்வது, எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

மார்க்கத்தில் இவற்றின் இடம்

திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16:68,69) தேனீயின் வயிற்றிலிருந்து வெளிப்படும் பல நிறப் பானத்தில் மனிதர்களுக்கு நிவாரணம் இருப்பதாக அல்லாஹ் கூறுகிறான். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குழம்பு கேட்டபோது வினிகர் மட்டுமே இருந்தது. அதையே வாங்கி உண்டு, அது சிறந்த குழம்பு என்று பாராட்டினார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இங்கே வினிகர் உணவாகத்தான் பாராட்டப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இவ்விரண்டையும் சேர்த்துச் செய்யும் பானகம் யூனானி மருத்துவத்தில் மிகப் பழையது. அதன் பெயர் சிகஞ்சபீன். பாரசீகத்தில் சிர்கா என்றால் வினிகர், அங்கபீன் என்றால் தேன். கிரேக்க மருத்துவர்கள் காலத்திலிருந்தே இது உண்டு. இப்னு ஸீனாவும் இதைப் பற்றி எழுதியுள்ளார். வெறும் வினிகரும் இனிப்பும் சேர்ந்தது சிகஞ்சபீன் சாதா. சில விதைகளையும் வேர்களையும் சேர்த்துச் செய்வது சிகஞ்சபீன் புஜூரி.

எந்த வினிகர்?

கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது. பாட்டிலில் 'சிந்தெடிக்' என்று அச்சிட்டிருக்கும். ஊறுகாய்க்கும் பாத்திரம் துலக்கவும் அது போதும். மருந்துக் கலவைக்குப் பழத்திலிருந்தோ தேங்காய்த் தண்ணீரிலிருந்தோ இயற்கையாகப் புளிக்க வைத்ததை வாங்குங்கள். தேங்காய்த் தண்ணீர் வினிகருக்கான தொழில்நுட்பத்தைத் தென்னை வளர்ச்சி வாரியம் தருகிறது. பொள்ளாச்சிப் பகுதியில் தென்னை வைத்திருக்கும் சகோதரர்கள் இதைச் சிறுதொழிலாகவே யோசிக்கலாம்.

திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்து வீட்டிலேயே வினிகர் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சாற்றின் சர்க்கரை முதலில் மதுவாகி, அதன்பிறகே அமிலமாகிறது. நடுவில் நின்றுபோன ஜாடியில் இருப்பது வினிகர் அல்ல, போதைப் பொருள். தானாகவே முழுமையாக வினிகராக மாறிவிட்டால் அது ஆகுமானது என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. வேறொன்றைச் சேர்த்து மதுவை வினிகராக மாற்றுவதை ஹனஃபி மத்ஹப் அனுமதிக்கிறது, ஷாஃபிஈ மத்ஹப் அனுமதிப்பதில்லை. நம் ஊரில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். ஆகவே தயாரான வினிகரை வாங்கி அதில் மூலிகையை ஊறவைப்பதே குழப்பமில்லாத வழி. மேல்விவரத்தை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தத் தேன்?

2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைப் பரிசோதித்த முடிவை வெளியிட்டது. 22 மாதிரிகளில் 5 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. கலக்கப்படுவது அரிசி போன்றவற்றிலிருந்து எடுக்கும் சர்க்கரைப் பாகு. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, திரியில் நனைத்து எரிப்பது, கட்டைவிரலில் வைத்துப் பார்ப்பது ஆகிய வீட்டுச் சோதனைகள் இதைக் கண்டுபிடிக்காது.

ஆகவே எடுப்பவரைத் தெரிந்துகொண்டு வாங்குவதே வழி. நீலகிரியில் குறும்பர், இருளர் மக்கள் எடுக்கும் மலைத்தேன் கோத்தகிரி பக்கம் கிடைக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் தேனீ வளர்ப்புப் பயிற்சி அளிக்கிறது. அங்கே கற்றுப் பெட்டி வைத்திருக்கும் விவசாயிகளிடமும் நேரடியாகக் கேட்கலாம். நல்ல தேனும் குளிரில் உறைந்து மணல் போலாகும். அது கலப்படத்தின் அடையாளம் அல்ல. பாட்டிலை இளஞ்சூடான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும்.

செய்முறை

1. மூலிகை வினிகர்: தோல் நீக்கி மெலிதாக நறுக்கிய இஞ்சி 50 கிராம், கற்பூரவல்லி இலை 10, ஒன்றிரண்டாக இடித்த மிளகு ஒரு டீஸ்பூன், இயற்கை வினிகர் 400 மி.லி. இலையைக் கழுவித் துணியில் பரப்பி ஈரம் முழுதும் போக உலர்த்துங்கள். கொதிநீரில் போட்டெடுத்துக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் எல்லாவற்றையும் இட்டு, மூலிகை மூழ்கும்படி வினிகர் ஊற்றுங்கள். தகர மூடி அரித்துவிடும், பிளாஸ்டிக் மூடி போடுங்கள். வெயில் படாத இடத்தில் இரண்டு வாரம் வைத்துத் தினமும் ஒருமுறை குலுக்குங்கள். பின் வடிகட்டித் தேதி எழுதி ஒட்டுங்கள்.

2. சிகஞ்சபீன்: மேற்சொன்ன வினிகர் ஒரு பங்கு, தேன் இரண்டு பங்கு. எவர்சில்வர் பாத்திரத்தில் இளந்தீயில் கொதிக்கவிடாமல் சூடாக்கிக் கிளறுங்கள். நுரையை எடுத்துவிட்டு ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். அலுமினியம், செம்பு, பித்தளைப் பாத்திரம் கூடாது. அமிலம் உலோகத்தைக் கரைத்துவிடும். இரண்டு டீஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். நோன்பு திறக்கும் நேரத்திலும் நல்ல பானம்.

3. இருமலுக்கு: ஒரு டீஸ்பூன் இஞ்சிச் சாறு, இரண்டு டீஸ்பூன் தேன், சிட்டிகை மிளகுத்தூள். அவ்வப்போது செய்து அப்போதே சாப்பிடுங்கள்.

பச்சைப் பூண்டை வெறும் தேனில் போட்டு மாதக்கணக்கில் வெளியே வைக்காதீர்கள். பூண்டின் ஈரத்தால் தேன் நீர்த்து, நச்சுக் கிருமி வளர இடமுண்டு.

எதற்குப் பயன்படும்?

சளி இருமலுக்குத் தேன் இதமளிக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2018-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பே சாதாரண இருமலுக்கு ஆண்டிபயாட்டிக்குக்கு முன் தேனைப் பரிந்துரைத்தது. வினிகர் உணவுக்குச் சுவை தரும். இவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

உடல் எடை குறையும் என்பதற்கு வருவோம். 2024 மார்ச்சில் லெபனான் நாட்டு இளைஞர்கள் 120 பேரிடம் நடந்த ஆய்வு, ஆப்பிள் வினிகரால் எடை குறைவதாகக் கூறி உலகெங்கும் பரவியது. அதன் கணக்குகள் நம்பத்தக்கவை அல்ல என்று கண்டு, வெளியிட்ட பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் குழுமமே 2025 செப்டம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆய்வைப் பற்றிய செய்தி நம் கைபேசிக்கு வந்தது. திரும்பப் பெற்ற செய்தி வரவில்லை.

இதய அடைப்பு ஏன் கரையாது?

அடைப்பு என்பது சாக்கடைக் குழாயில் சேர்ந்த அழுக்கு போன்றதல்ல. கொழுப்பும் சுண்ணாம்பும் இரத்தக் குழாயின் சுவருக்குள்ளேயே படிந்து வளர்வது. நாம் குடிக்கும் வினிகர் போய்ச் சேருவது வயிற்றுக்கு. அங்கே வினிகரைவிடக் கடுமையான அமிலம் ஏற்கெனவே சுரக்கிறது. இரத்தமோ தன் கார அமிலச் சமநிலையை 7.35 முதல் 7.45 வரைக்குள் காத்துக்கொள்கிறது. எவ்வளவு வினிகர் குடித்தாலும் இதயக் குழாய் வரை அமிலம் போகாது. போனால் உயிருக்கே ஆபத்து.

மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் மனம் வலிக்கும் வகை ஒன்று உண்டு. இப்படியொரு டானிக்கை நம்பி பிரஷர், சுகர் மாத்திரைகளை நிறுத்திவிட்டு, சில மாதங்களில் அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டவர்களின் மனுக்கள். அவர்கள் குடித்தது விஷமல்ல, நிறுத்தியதுதான் கேடு. அந்த டானிக்கில் பாதி தேன் என்பதால், ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போகிறது. சுகர் உள்ளவர் தேனையும் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் வேண்டாம். பிறந்ததும் நாவில் இனிப்புத் தடவும் தஹ்னீக் சுன்னத்துக்குப் பேரீச்சம்பழம் உள்ளது. அதையும் மருத்துவரிடம் கேட்டு, சுத்தமான கையால் மிகச் சிறிதளவே செய்யுங்கள்.
* வினிகரைத் தண்ணீர் கலக்காமல் குடிக்காதீர்கள். பல் எனாமலும் தொண்டையும் கெடும். குடித்ததும் வாய் கொப்பளியுங்கள்.
* அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இன்சுலின் போடுபவர்களும், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வினிகரைத் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம்.
* இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் பூண்டுச் சாற்றை அதிகம் எடுத்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம்.
* இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.
* நெஞ்சை அழுத்தும் வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை என்றால் எந்தக் கஷாயமும் காய்ச்ச வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகள் தருகிறார்கள்.

பணமில்லாமல் யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை பெற்றால், இதய சிகிச்சைக்கும் அது கைகொடுக்கும். ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழுடன் வந்தால் விண்ணப்பம் எழுத நம் அலுவலகத்தில் உதவுகிறோம்.

மருத்துவம் செய்துகொள்ளும்படி நமக்கு ஏவியவர்கள் நபி (ஸல்) அவர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கச் சொன்னவர்களும் அவர்களே. தேனைச் சாப்பிடுங்கள், மாத்திரையையும் சாப்பிடுங்கள், துஆவும் செய்யுங்கள். நோய் நீக்குபவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நம் அனைவருக்கும் உடல் நலத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்