காவலில் அகப்பட்ட நிரல்

துறைமுகப் பண்டசாலையில் அடுக்கிய மூட்டையொன்றுக்குள்ளிருந்து எவனேனும் எழுந்து ஆணையிட்டால், காவலன் வாளாவிருப்பானா? திருகோணமலை அன்புவழிபுரத்து வீடொன்றிலுள்ள கணினியில், நன்கு இயங்கிய நிரல் திடீரென மூடிக்கொள்வதற்கும் இத்தகைய காவலே சிலவேளை காரணமாகும்.

கணினியின் நினைவகத்தில் கட்டளைகளுக்கு ஓரிடம், தரவுகளுக்கு வேறோரிடம். தரவுக்குரிய இடத்தில் கள்ளக் கட்டளையைப் புகுத்தி இயக்குவது தீநிரல்களின் பழைய தந்திரம். 2003ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய பிளாஸ்டர் என்னும் புழுநிரல், தரவை அளவுமீறித் திணித்தே கணினிகளுள் நுழைந்தது. 2004இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு, தரவிடத்தில் கட்டளை எதனையும் இயங்கவிடாத காவலை ஏற்படுத்தியது. மீறும் நிரல் அக்கணமே நிறுத்தப்படும்.

தீங்கற்ற பழைய நிரல்கள் சிலவும் தரவிடத்திலேயே கட்டளைகளை ஆக்கி இயக்குவன. ஆதலின் அவையும் இக்காவலில் அகப்படுகின்றன. அதற்காகக் காவலையே நீக்கிவிடுதல், மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவது போலாகும்.

முதலில் கணினியில் தீநிரல் உண்டா எனச் சோதித்தல் வேண்டும். அடுத்து, நிரலை ஆக்கியோர் வெளியிட்ட புதிய பதிப்பைப் பெறுதல் வேண்டும். அதுவும் கிட்டாதவிடத்து, நம்பத்தக்க அந்த ஒரு நிரலுக்கு மட்டும் இயங்குதள அமைப்புகளில் விலக்களிக்கலாம். 64 பிட் நிரல்களுக்கோ அவ்விலக்கும் இல்லை. கதவைத் தட்டுபவர் யாரென அறிந்த பின்னரே தாழைத் திறத்தல் நன்று.