நீதி வாணிபம்

விற்போனும் வாங்குவோனும் ஒருங்கே வாழுமாறு விலை அமைவதே நீதி வாணிபமாம். காப்பி பயிரிடும் சிறு குடியானவன் தன் சரக்கின் விலையைத் தானே நிர்ணயிப்பதில்லை. தூரதேசத்துச் சந்தையே நிர்ணயிக்கின்றது. விலை வீழுங்கால் வணிகன் வேறு சரக்கை நாடுவான். நட்டு மூன்றாண்டு காத்துப் பலன்கண்ட செடியைக் குடியானவன் எங்ஙனம் கைவிடுவான்?

இக்குறையை நீக்க 1988-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்தில் ‘மாக்ஸ் ஹாவலார்’ என்னும் முத்திரை தோன்றிற்று. ஜாவாத் தீவின் குடிகள் பட்ட இன்னலை உரைத்து 1860-இல் வெளிவந்த டச்சு நாவலின் பெயரே அதற்கு இடப்பட்டது. மெக்ஸிகோவின் ஓஹாக்கா மாகாணத்து மலைக்குடிகளின் கூட்டுறவுச் சங்கம் அளித்த காப்பி முதன்முதல் அம்முத்திரையுடன் விற்பனையாயிற்று.

அதன் விதி எளிது. சந்தை எவ்வளவு தாழினும் குறித்த அடிவிலைக்குக் குறையாமல் கொடுத்தல் வேண்டும். அன்றியும், சங்கத்தின் பொதுநலத்திற்கென ஒரு தொகை சேர்த்தளித்தல் வேண்டும். இத்தொகை 2011-இல் ராத்தலுக்கு 20 அமெரிக்க சென்ட்டாக உயர்த்தப்பட்டது. அதனைப் பள்ளிக்கோ பாதைக்கோ செலவிடுவதைச் சங்கத்தாரே கூடித் தீர்மானிப்பர்.

எனினும், வாங்குவோர் இல்லையேல் விதியால் பயனென்னை? சங்கங்கள் பலவும் தம் விளைச்சலில் ஒரு பகுதியையே இம்முறையில் விற்க இயலுகின்றது. எஞ்சியது பழைய சந்தைக்கே செல்கின்றது. ஈண்டே இளைஞர்க்குரிய பணி உளது. 2003-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு புரூக்ஸ் சர்வகலாசாலை, தன் சிற்றுண்டிச்சாலைகளில் இத்தகைய சரக்கை வழங்க முன்வந்து, உலகின் முதல் நீதி வாணிபச் சர்வகலாசாலை எனப் பெயர் பெற்றது. மாணவன் ஒருவன் வாங்குவது சிறிது. கலாசாலை முழுதும் வாங்குவதோ ஒரு சந்தையாம். ஆதலின் மாணவ நண்பர்காள், விலை யாதென வினவுவதோடு அமையாது, அது யாரைச் சேர்கின்றது என்றும் வினவுவோமாக.