கடல் வெப்பத்தில் மின்சாரம்: லட்சத்தீவுக் குடிநீருக்கு டீசல் இல்லா வழி

திருவனந்தபுரம்: திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில், கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் 150 கிலோவாட் சோதனை நிலையத்தை 1991-ஆம் ஆண்டு சென்னை ஐஐடி அமைத்தது. அதே அரபிக்கடலில் உள்ள லட்சத்தீவில், தற்போது கடல்நீரின் வெப்பத்தைக் கொண்டு மின்சாரம் தயாரிக்கும் முயற்சியைத் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் மேற்கொண்டுள்ளது.

வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீர் சுமார் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். 1,000 மீட்டர் ஆழத்தில் அது ஏறத்தாழ 7 டிகிரி மட்டுமே. 28 டிகிரியில் தண்ணீர் கொதிக்காது. ஆனால், அம்மோனியா போன்ற எளிதில் ஆவியாகும் திரவம் கொதிக்கும். அந்த ஆவி டர்பைனைச் சுழற்ற, ஆழத்துக் குளிர்நீர் அதை மீண்டும் திரவமாக்கும். எரிபொருள் வேண்டியதில்லை, இரவிலும் இயங்கும்.

ஆயினும், இயற்பியல் விதிகளின்படி இவ்வெப்பத்தில் அதிகபட்சம் 7 சதவீதமே மின்சாரமாகும். நடைமுறையில் அதில் பாதி கிடைப்பதும் அரிது. அதிலும் கணிசமான பங்கு நீரை இறைக்கும் பம்புகளுக்கே செலவாகிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் குழாய்தான். 1930-இல் கியூபாவில் 22 கிலோவாட் உற்பத்தி செய்து காட்டிய பிரெஞ்சு அறிவியலாளர் ஜார்ஜ் குளோத்தின் குழாயைக் கடல் கொண்டுபோனது. தூத்துக்குடி அருகே 'சாகர் சக்தி' மிதவையில் திட்டமிடப்பட்ட 1 மெகாவாட் நிலையமும், சுமார் ஒரு கிலோமீட்டர் நீளக் குழாயை நிலைநிறுத்த இயலாததால் கைவிடப்பட்டது. அந்த மிதவை பின்னர், 2007-இல் சென்னைக்கு அப்பால் கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனைக்குப் பயன்பட்டது.

தீவுகளில் நிலைமை சற்று எளிது. கரைக்கு மிக அருகிலேயே கடல் ஆழமாகிவிடுகிறது. கவரத்தியில் 2005 முதல் இயங்கும் நிலையம், சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து 12 டிகிரி நீரை எடுக்கிறது. மேற்பரப்பு நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, அந்தக் குளிர்நீரால் குளிர்வித்து, நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர் தருகிறது. ஆனால், அதன் பம்புகளை இயக்குவது டீசல் மின்சாரம். அந்த டீசலோ பெருநிலத்திலிருந்து கப்பலில் வர வேண்டும். பருவமழைக் காலத்தில் கப்பல் போக்குவரத்தும் குறைந்துவிடும்.

கவரத்தியில் திட்டமிடப்பட்டுள்ள 65 கிலோவாட் கடல் வெப்ப நிலையம் இந்தத் தேவைக்கானதே. பெரிய மின்நிலையங்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. எனினும், குடிநீர் தயாரிப்புக்கு இனி டீசலை நம்ப வேண்டாம் என்பதே தீவுவாசிகளுக்கு இதனால் கிடைக்கும் பயன்.