கொரோனா நிவாரணப் பணத்தில் ஜெயில்! - அலபாமாவை உலுக்கிய 40 கோடி டாலர் சண்டை

2021 செப்டம்பர். அமெரிக்காவின் தெற்கில் இருக்கும் அலபாமா மாநிலத்தை டெல்டா அலை புரட்டிப் போட்டிருந்த நேரம். ஆகஸ்ட்டிலேயே ஐ.சி.யூ படுக்கைகள் தீர்ந்துபோய், நோயாளிகள் காத்துக்கிடந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் அந்த மாநிலத்தில் பிறப்புகளைவிட இறப்புகள் அதிகம். அலபாமா வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

இந்தச் சூழலில்தான் செப்டம்பர் 27-ம் தேதி மாநிலச் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டம் தொடங்கியது. எதற்காக? ஜெயில் கட்டுவதற்காக!

தலா 4,000 பேரை அடைக்கக்கூடிய இரண்டு பிரமாண்ட ஆண்கள் சிறைகள், கூடவே வேறு சில சிறைப் பணிகள். மொத்தத் திட்டம் சுமார் 130 கோடி டாலர். அதில் 40 கோடி டாலரை, மத்திய அரசு கொடுத்த கொரோனா நிவாரண நிதியிலிருந்து எடுக்க முடிவுசெய்தார் கவர்னர் கே ஐவி. (அங்கே கவர்னர் என்றால் நம்மூர் முதல்வர் மாதிரி. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்.) அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 3,000 கோடி ரூபாய்!

அந்த நிதி வந்த கதையும் சுவாரஸ்யமானது. 2021 மார்ச் 11-ம் தேதி அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்ட 1.9 லட்சம் கோடி டாலர் மீட்புத் திட்டத்தில், மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் மட்டும் 35,000 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அலபாமா மாநில அரசின் பங்கு சுமார் 210 கோடி டாலர். நாடாளுமன்றத்தில் அந்தச் சட்டத்துக்கு குடியரசுக் கட்சியிலிருந்து ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. கே ஐவி குடியரசுக் கட்சிக்காரர். 'சட்டம் வேண்டாம், பணம் மட்டும் வேண்டுமா?' என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

கூட்டம் தொடங்கிய அன்றே, பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் கமிட்டித் தலைவர் ஜெர்ரி நாட்லர், நிதியமைச்சர் ஜேனட் யெலனுக்குக் கடிதம் எழுதினார். நிவாரண நிதி சிறைகளுக்குப் போவதைத் தடுக்க வேண்டும் என்பது அவரது கோரிக்கை. 'சட்டம் இதை அனுமதிக்கிறது. கடைசி நேரக் கடிதத்தால் சட்டம் மாறிவிடாது' என்ற ரீதியில் பதிலடி கொடுத்தார் ஐவி.

சட்டப்படி பார்த்தால், அவர் சொன்னதில் தவறில்லை. அங்கேதான் இருக்கிறது விஷயமே.

வருமானம் கூடினாலும் 'இழப்பு'!

பெருந்தொற்றைச் சமாளிக்கப் புதிய சிறை கட்டுவது பொதுவாகப் பொருத்தமான செலவு இல்லை என்று நிதித்துறை விதியே சொன்னது. ஆனால், அதே விதியில் வேறொரு கதவு திறந்திருந்தது. அதன் பெயர் 'வருவாய் இழப்பு'. தொற்றுக்காலத்தில் வரி வருமானம் குறைந்து, போலீஸுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் சம்பளம் நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இழந்த தொகை அளவுக்கு, எந்த அரசுச் சேவைக்கு வேண்டுமானாலும் நிவாரண நிதியைச் செலவிடலாம்.

இழப்பைக் கணக்கிடும் முறைதான் இன்னும் ஆச்சர்யம். தொற்று வராமல் இருந்திருந்தால் வருவாய் ஆண்டுக்குக் குறைந்தது 4.1 சதவிகிதம் வளர்ந்திருக்கும் என்று முதலில் வைத்துக்கொண்டார்கள். பிறகு அதை 5.2 சதவிகிதமாக உயர்த்தினார்கள். உதாரணத்துக்கு, 100 ரூபாய் வருமானம் இருந்த அரசுக்கு அடுத்த ஆண்டு 102 ரூபாய் வந்தால், நம் கணக்கில் 2 ரூபாய் லாபம். அந்தக் கணக்கில் அது 'இழப்பு'!

இந்தக் கதவைப் பயன்படுத்தியது அலபாமா மட்டுமல்ல. நியூயார்க் மாநிலத்தின் டச்சஸ் கவுன்ட்டி, தன் பங்கிலிருந்து சுமார் 1.25 கோடி டாலரை பேஸ்பால் மைதானத்தைப் புதுப்பிக்க ஒதுக்கியது. அங்கேயும் சர்ச்சை வெடித்தது.

கைதிகளின் உயிர்

அலபாமா சிறைகளின் நிலைமை மோசம் என்பதை யாரும் மறுக்கவில்லை. நெரிசல், கொலைகள், பாலியல் வன்முறை என 2019-ல் மத்திய நீதித்துறை ஓர் அறிக்கையே வெளியிட்டது. 2020 டிசம்பரில் மாநிலத்தின் மீது வழக்கும் போட்டது. 'அதனால்தான் கட்டுகிறோம்' என்றது ஐவி தரப்பு. ஆனால், புதிய கட்டடம் மட்டும் இதைத் தீர்க்காது என்பதும் அதே 2019 அறிக்கையில் இருக்கிறது. பிரச்னையின் மையம், போதுமான காவலர்கள் இல்லாதது. அந்த வரியை மட்டும் சட்டமன்றம் வசதியாகத் தாண்டிப் போய்விட்டது என்றே சொல்ல வேண்டும்.

ஐந்தே நாளில் எல்லாம் முடிந்தது. அக்டோபர் 1-ம் தேதி கே ஐவி கையெழுத்திட்டார். மத்திய நிதித்துறை தடுக்கவில்லை. மருத்துவமனைகள், குடிநீர், இன்டர்நெட் வசதிக்கெல்லாம் நிவாரண நிதியிலிருந்து பெரிய தொகை ஒதுக்கப்பட்டது அடுத்த ஆண்டில்தான்.

எல்மோர் கவுன்ட்டியில் முதல் சிறையின் வேலை தொடங்கியது. 2023-ல் அந்த ஒரு சிறையின் செலவு மட்டுமே 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அதற்கு வைக்கப்பட்டிருக்கும் பெயர், 'கவர்னர் கே ஐவி சீர்திருத்த வளாகம்'.