மட்டி வளம் காக்கும் கணக்கு

தாம்பரத்துக்குத் தென்கிழக்கே முட்டுக்காட்டு உப்பங்கழியில் மட்டி விளைகிறது. பொது நீரில் விளையும் பொருளுக்குத் தனி உடைமையாளர் இல்லை. நாம் விட்டுவைக்கும் குஞ்சை மற்றவர் அள்ளிவிடுவர் என்றெண்ணி, அனைவரும் முந்துகிறோம். எடுப்போர் பெருகப் பெருக, செலவு போக எவருக்கும் மிச்சமில்லாத நிலை வரும். இவ்வுண்மையைப் பொருளாதார அறிஞர் ஸ்காட் கார்டன் 1954-இல் விளக்கினார்.

ஆகவே கட்டுப்பாடு வேண்டும். அதற்கு முன் கணக்கும் வேண்டும். 100 கிலோ குஞ்சை விட்டுவைப்பதாகக் கொள்வோம். அவற்றுள் 30 பங்கு மடிந்து, எஞ்சியவை இருமடங்கு எடை பெறுமாயின் 140 கிலோ கிடைக்கும். கூடுதலான 40 கிலோவின் விலை, காத்திருந்த நாட்களில் இழந்த கூலியை விஞ்சினால்தான் விதி பயன் தரும்.

கேரளத்து அஷ்டமுடிக் காயலில் 1990-களில் மட்டி விளைச்சல் குன்றியது. பின்னர் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இனப்பெருக்கக் காலத் தடையும், வலைக்கண் அளவும் வகுக்கப்பட்டன. 2014-இல் அத்தொழில், நீடித்த மீன்வளத்துக்கான பன்னாட்டுச் சான்றை இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது.

ஊராட்சி உறுப்பினர்கள் மட்டி எடுப்போருடன் அமர்ந்து இக்கணக்கைப் பார்த்தல் நலம். தடைக் காலத்தில் மாற்று வேலைக்கு வழி செய்யாவிடில், விதி ஏட்டிலேயே நின்றுவிடும்.