முட்டை நின்ற கோழியை விற்காதீங்க, தணலில் வையுங்க

நாட்டுக்கோழி வளர்க்கும் நம் உழவர்கள் பலரிடம் ஒரு பழக்கம் பார்க்கிறேன். மூன்று வருஷம் முட்டை கொடுத்த பெட்டைக்கோழி முட்டையை நிறுத்தியதும் வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார்கள். "கெழட்டுக் கோழிங்க, கறி ரப்பராட்டம் இருக்கும்" என்று அவர் விலையைக் குறைத்துத்தான் எடுப்பார். அந்தக் காசுக்கு ஞாயிற்றுக்கிழமை கடையில் பிராய்லர் வாங்கி வருகிறோம். எருக்குழியைக் கிளறி, கரையான் தின்று வளர்ந்த கோழி வெளியே போகிறது. மூட்டைத் தீவனத்தில் 40 நாளில் வளர்ந்த கோழி உள்ளே வருகிறது. இது என்ன கணக்குங்க?

கிழட்டுக் கோழி கறி கடினமாக இருப்பது உண்மைதான். வயது ஏற ஏற தசையைச் சுற்றியுள்ள நார் இறுகிவிடும். அதே நார் சின்னத் தீயில் நேரம் எடுத்து வெந்தால் கரைந்து பிசுபிசுப்பான சாறாகிவிடும். இளங்கோழியில் இந்தச் சாறும் ருசியும் கிடைக்காது. ஆக, கிழட்டுக் கோழிக்கு வேண்டியது பொறுமை மட்டுமே.

வெளிநாடுகளில் வெந்த கோழிக்கறியைச் சட்டியில் அடுக்கி அடுப்புக்குள் வைத்துச் சுட்டு எடுப்பார்கள். அந்தச் சட்டியின் பெயரிலேயே அதைக் கேசரோல் என்கிறார்கள். (நமக்குக் கேசரோல் என்றால் சப்பாத்தி வைக்கும் ஹாட்பாக்ஸ்!) அவர்களுடைய அடுப்பு நம் வீட்டில் இல்லாவிட்டால் என்ன? ஆம்பூர் பிரியாணிக்கு மூடி மேல் தணல் போட்டுத் தம் கட்டுவதும் அதே வேலைதான்.

எங்கள் நாமக்கல் பக்கம் கோழியும் உண்டு, குச்சிக்கிழங்கும் உண்டு. மரவள்ளியைத்தான் அப்படிச் சொல்வோம். இரண்டையும் சேர்த்து நான் செய்வது இப்படி.

இரண்டு கிலோ கோழியை உரித்தால் சுமார் ஒன்றேகால் கிலோ கறி வரும். இறகு பறித்து, மஞ்சள் தடவி, தீயில் வாட்டி, பெரிய துண்டுகளாக வெட்டுங்கள். இஞ்சி, பூண்டு, மிளகு, உப்பு போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் இரண்டு, இரண்டரை மணி நேரம் சின்னத் தீயில் விடுங்கள். கால் எலும்பை இழுத்தால் கறி தானாகக் கழல வேண்டும். அதுவரை இறக்கக் கூடாது. மேலே மிதக்கும் மஞ்சள் கொழுப்பைக் கரண்டியால் எடுத்து வையுங்கள். அதில்தான் இரண்டு கை சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மிளகு சீரகத்தூள் வதக்க வேண்டும். எலும்பு நீக்கிப் பிய்த்த கறியையும், இரண்டு டம்ளர் சாற்றையும் அதில் சேர்த்துப் பாதியாகச் சுண்ட விடுங்கள். மீதிச் சாறு ரசத்துக்கு.

ஒன்றரை கிலோ கிழங்கை இரண்டு தோலும் உரித்து, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கிழங்கின் நஞ்சு அதில் இறங்கியிருக்கும். நடுநரம்பை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால், உப்பு சேர்த்து மசியுங்கள்.

அகலமான, பழகிய மண்சட்டியில் பாதிக் கிழங்கு, அதன் மேல் கறி, பிறகு மீதிக் கிழங்கு. இரண்டு முட்டையை அடித்து மேலே ஊற்றி மூடுங்கள். கொட்டாங்குச்சித் தணல் கீழே கொஞ்சம், மூடி மேல் நிறைய. மாற்றிப் போட்டால் அடி கருகும், மேல் வேகாது. அரை மணி நேரத்தில் மேல்பக்கம் பொன்னிறமாகும். மின் அடுப்பு இருப்பவர்கள் 180 டிகிரியில் வைக்கலாம். இறக்கி பத்து நிமிஷம் ஆறவிட்டால்தான் துண்டு போட வரும்.

பல் போனதும் என் மாமியார் கறி சாப்பிடுவதையே விட்டிருந்தார். "எனக்கு எதுக்கு கண்ணு, மெல்ல முடியாது" என்பார். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, "மெல்லவே வேண்டாம், வாயில வெச்சுப் பாருங்க அத்தை" என்று சூடாகக் கொடுத்தேன். ரெண்டாம் தடவை தட்டை அவரே நீட்டினார். இப்போ எந்தக் கோழி முட்டையை நிறுத்தியிருக்கு என்று கணக்குப் பார்ப்பவரே அவர்தான்.

நோய் கண்ட கோழியை மட்டும் அறுக்காதீங்க. இறகையும் குடலையும் எருக்குழியில் ஆழமாகப் புதையுங்கள், இல்லாவிட்டால் நாய் தோண்டிவிடும். இறகில் தழைச்சத்து நிறைய. மட்க மாதக்கணக்கில் ஆகும்.